பூட்டு தமிழ், சாவி போர்ச்சுகீசியம்: முத்துக்கரை வீட்டுச் சொற்களும் ஸ்பானிய மொழியும்

ஆங்கிலத்தின் ‘விண்டோ’வுக்கு ஸ்பானிய மொழியில் ‘வெந்தானா’ என்று பெயர். அகராதியைத் திறந்தால் ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். அதே பொருளுக்குத் தமிழ் வீடுகளில் வழங்கும் பெயர் சன்னல். ஆங்கிலத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு இல்லை. ஸ்பானியத்தின் பக்கத்து வீட்டு மொழியான போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல் அது. மூலம் ‘ஜனேலா’. சாவி, அலமாரி, மேசை, கோப்பை, துவாலை ஆகியவையும் அதே வழியில் வந்தவைதான். ஆக, ஆங்கில வீட்டுச் சொல் ஒன்றை ஸ்பானியத்தில் பெயர்க்க உட்காரும் தமிழரின் கையில், அந்த மொழிக் குடும்பத்தின் சொற்கள் பல ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலோர் அதை அறியாமலேயே அவற்றை நாள்தோறும் புழங்குகிறார்கள்.

இந்தச் சொற்கள் தமிழுக்குள் நுழைந்த வாசல்களுள் முக்கியமானது முத்துக்குளித்துறைக் கரை. தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று அந்தக் கரை நீளும். அதை ஒட்டி, கடலிலிருந்து சற்று உள்வாங்கி, உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் ஆறுமுகநேரி. சுற்றிலும் காயல்பட்டினம், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள். அரபு, போர்ச்சுகீசியம், தமிழ் என மூன்று மொழிகளின் தடமும் இங்கே சில கல் தொலைவுக்குள் அடங்கிவிடும். ஒரு வீட்டுச் சொல் எப்படி மொழி மாறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் அரிது.

மொழி வந்த வழி

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த ஆண்டு 1498. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறையில் வேரூன்றிவிட்டார்கள். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவர் ஊர்கள் திரளாகக் கிறித்தவம் தழுவின. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவர் பிறந்த நவார்ரா இன்று ஸ்பெயின் நாட்டின் பகுதி. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றும்வரை, ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு போர்ச்சுகீசியத்தின் செல்வாக்கு இந்தக் கரையில் நிலவியது. ஆட்சி போன பிறகும் துறைமுகங்களில் பல இனத்தாரும் பேசிக்கொள்ளும் பொதுமொழியாக அது நெடுநாள் நீடித்தது.

அந்தக் காலத்தில் வந்தவற்றில் எழுத்து வழி வந்தவை குறைவு. கைவழி வந்தவை அதிகம். தச்சருக்கு ஒரு புது வகைச் சன்னல் செய்யச் சொன்னார்கள். கப்பலிலிருந்து பீப்பாய்களை இறக்கினார்கள். கோயிலில் மேசை போட்டார்கள். பொருள் கையில் இருந்தது, பெயர் வாயில் இருந்தது, இரண்டும் ஒன்றாகவே கைமாறின. வீட்டுச் சொற்கள் மொழி மாறும் முறைகளில் இதுவே மிகப் பழையது.

சன்னல்: காற்றின் கண்ணா, சிறு கதவா?

சுவரில் வெளிச்சமும் காற்றும் வர விடும் திறப்புதான் எல்லா நாட்டிலும். ஆனால் அதற்குப் பெயர் வைத்தவர்கள் ஆளுக்கொரு கோணத்தில் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆங்கில ‘விண்டோ’ பழைய நார்ஸ் மொழியின் ‘விண்டௌகா’விலிருந்து வந்தது. ‘விண்ட்’ என்றால் காற்று, ‘ஔகா’ என்றால் கண். காற்றின் கண் என்பது பொருள். ஸ்பானிய ‘வெந்தானா’ காற்றைக் குறிக்கும் லத்தீன் ‘வெந்துஸ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஸ்பானியர் அதற்கு முன்பு லத்தீன் ‘ஃபெனெஸ்த்ரா’வின் வழிவந்த வேறொரு சொல்லை வைத்திருந்தார்கள். காற்றின் பெயர் வந்து அதை ஒதுக்கிவிட்டது. பிரெஞ்சும் ஜெர்மனும் இன்றும் அந்த லத்தீன் சொல்லின் வழியிலேயே நிற்கின்றன.

போர்ச்சுகீசியம் இரண்டு வழியிலும் போகவில்லை. வாசலைக் குறிக்கும் லத்தீன் ‘யானுவா’வின் சிறுமை வடிவத்திலிருந்து ‘ஜனேலா’வை உருவாக்கிக்கொண்டது. சிறு கதவு என்று அதற்குப் பொருள். வாசல்களின் தெய்வமான ரோமானிய யானுஸ், அவர் பெயரால் அமைந்த ஜனவரி மாதம், நம் வீட்டுச் சன்னல் மூன்றும் ஒரே வேரின் கிளைகள்.

தமிழில் இதற்கு முன்பே சொற்கள் இருந்தன. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். பல கண்களை உடையது பலகணி. இவற்றோடு சாளரமும் உண்டு. பூம்புகார் மாளிகைகளின் காலதர்கள் மானின் கண் வடிவில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. வடகடலோரத்து நார்ஸ் மக்களும் காவிரிப்பூம்பட்டினத்துத் தமிழரும் ஒருவரை ஒருவர் அறிந்ததே இல்லை. ஆனாலும் சுவரிலிருந்த ஒரு திறப்பைப் பார்த்த இருவருக்கும் காற்றும் கண்ணுமே நினைவுக்கு வந்திருக்கின்றன.

இவ்வளவு சொற்கள் இருந்தும் சன்னல் ஏன் வேண்டியிருந்தது? விடை பொருளின் வடிவத்தில் இருக்கிறது. காலதரும் பலகணியும் மனக்கண்ணில் எழுப்புவது காற்றுத் துளையை, பல கண்ணுள்ள பின்னலை. ‘ஜனேலா’ என்ற பெயரோடு வந்தது மரநிலையில் கீல் வைத்து, இரண்டு இலைகளாகத் திறந்து மூடும் சிறு கதவு. பெயரே அதைத்தான் சொல்கிறது. வடிவம் புதிதானபோது பெயரும் புதிதாயிற்று.

ஆனால் அந்தச் சன்னலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். சன்னல் என்ற பெயர் மட்டும்தான் அயல். அதன் நிலை, கதவு, கம்பி, காற்றில் அடிக்காமலிருக்க மாட்டும் கொண்டி, இரவில் போடும் தாழ்ப்பாள் அத்தனையும் தமிழ். முழுப் பொருளுக்கு வந்தவர்களின் பெயர். உறுப்புகளுக்குச் செய்தவர்களின் பெயர். தச்சர் தம் பட்டறைச் சொற்களை விடவில்லை என்பதற்கு ஒவ்வொரு பழைய சன்னலும் சாட்சி.

‘ஜனேலா’ போன இடமெல்லாம் வாய்க்கேற்ப வடிவம் மாறியது. தமிழ்நாட்டில் சன்னல், ஜன்னல்; ஈழத்தில் யன்னல்; மலையாளத்தில் ஜனல்; சிங்களத்தில் ஜனேலய; வங்காளத்தில் ஜானாலா; மலாயில் ஜெண்டேலா. போர்ச்சுகீசியக் கப்பல்கள் நங்கூரமிட்ட துறைகளின் வரிசையை இந்தச் சொல்லை வைத்தே ஓரளவு வரைந்துவிடலாம்.

இனி ஸ்பானியத்துக்குப் பெயர்ப்பவர் கவனிக்க வேண்டிய இடம். வீட்டுச் சன்னல் ‘வெந்தானா’. ரயில், பேருந்து, விமானம் இவற்றின் சன்னலுக்கு ‘வெந்தானியா’ என்று சிறுமை வடிவம். பயணச்சீட்டு கொடுக்கும் கவுண்டரும் ‘வெந்தானியா’தான். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வண்டியைப் பிடிக்க ஆறுமுகநேரி நிலையத்தில் நிற்பவர் சீட்டு வாங்குவது ஒரு ‘வெந்தானியா’வில், ஏறி உட்கார விரும்புவது இன்னொரு ‘வெந்தானியா’வின் ஓரத்தில். தமிழ் முன்னதைக் கவுண்டர் என்றும் பின்னதைச் சன்னல் என்றும் பிரித்துவிடுகிறது. கடையின் கண்ணாடிக் காட்சிச் சன்னலுக்கு ஸ்பெயினில் ‘எஸ்காப்பராத்தே’, அர்ஜென்டினாவில் ‘விதிரியேரா’. ஆங்கிலத்தின் ஒரே ‘விண்டோ’ ஸ்பானியத்தில் நான்காகப் பிரிகிறது. கணினித் திரையின் ‘விண்டோ’வுக்கு ஸ்பானியர் வீட்டுச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தமிழ்க் கணினித் துறையோ வீட்டுச் சன்னலை விட்டுவிட்டுப் பழைய சாளரத்தை எடுத்துக்கொண்டது. வழக்கில் ஓய்ந்திருந்த சொல்லுக்கு இப்படி ஒரு புது வேலை கிடைத்தது.

சாவி: பழைய ஒலியைக் காத்த சொல்

பூட்டு தமிழ். அதைத் திறக்கும் சாவி போர்ச்சுகீசியம். இரண்டும் ஒரே கொத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன.

சாவியின் மூலம் ‘சாவெ’, அதன் மூலம் லத்தீன் ‘கிளாவிஸ்’. ஸ்பானியத்தில் அதே லத்தீன் சொல் ‘யாவே’ ஆயிற்று. கேட்பதற்குச் சாவியும் ‘யாவே’யும் தூரமாகத் தெரியும். ஆனால் இந்த மாற்றம் ஒரு சொல்லோடு நிற்பதில்லை, ஓர் ஒழுங்கில் நடக்கிறது. மழையைக் குறிக்கும் லத்தீன் ‘புளூவியா’ போர்ச்சுகீசியத்தில் ‘சூவா’, ஸ்பானியத்தில் ‘யூவியா’. தீக்கொழுந்தைக் குறிக்கும் ‘ஃபிளாம்மா’ ஒன்றில் ‘சாமா’, மற்றதில் ‘யாமா’. நிறைவைக் குறிக்கும் ‘பிளேனுஸ்’ ஒன்றில் ‘சேயோ’, மற்றதில் ‘யேனோ’. போர்ச்சுகீசியச் சகரம் வரும் இடத்தில் ஸ்பானிய யகரம் வரும். சாவி என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்ட தமிழ் மாணவர் இந்த விதியை மறக்க மாட்டார்.

சாவியில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. இன்று லிஸ்பன் நகரத்தார் அந்தச் சொல்லை ‘ஷாவ்’ என்பதுபோல ஒலிக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அதன் முதல் ஒலி வல்லினச் சகரமாக, ‘ச்சா’ என்று இருந்தது. பிற்காலத்தில்தான் லிஸ்பனில் அது தேய்ந்து ஷகரமாயிற்று. தமிழர் வாயில் சாவியின் முதல் ஒலி பழையபடியே வல்லினமாக நிற்கிறது. கொடுத்தவர் மாற்றிக்கொண்ட ஒலியை வாங்கியவர் காத்திருக்கிறார்.

சாவிக்கு முன் தமிழில் தாழ்க்கோலும் திறவுகோலும் இருந்தன. தாழை நீக்கும் கோல் தாழ்க்கோல். மலையாளத்தில் அது தாக்கோலாக இன்றும் வாழ்கிறது. பூட்டின் துளைக்குள் நுழைந்து திரும்பும் சிறிய இரும்புத் துண்டைக் கோல் என்று சொல்ல வாய் ஒப்பவில்லை போலும், சாவி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ் விவிலியத்தில் பேதுருவிடம் கொடுக்கப்படுவது திறவுகோல். கோயிலுக்குள் திறவுகோல் என்று வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாவியால் கதவைத் திறக்கிறார்கள் கரையோர மக்கள். ஈழத் தமிழர் திறப்பு என்கிறார்கள். திற என்ற வினையிலிருந்தே பிறந்த அந்தச் சொல், போர்ச்சுகீசியர் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் அசையாமல் நின்றது.

ஸ்பானியம் லத்தீன் ‘கிளாவிஸ்’ஸை இரண்டு முறை வாங்கியது. ஒரு முறை மக்கள் வாய்வழியாக வந்து ‘யாவே’ ஆயிற்று, கதவுக்கு அது. மறுமுறை படித்தவர்கள் ஏட்டுவழியாக எடுத்தார்கள். அது ‘கிளாவே’ என்று நின்றது. ஒரு புதிரை விடுவிக்கும் குறிப்பு, மறைமொழி, கடவுச்சொல் இவையெல்லாம் ‘கிளாவே’. தட்டச்சுப் பலகையின் விசைக்கு இவை இரண்டும் ஆகாது. அதற்கு ‘தெக்லா’ என்று வேறு சொல். ஆங்கில ‘கீ’யைக் கண்ட இடமெல்லாம் ‘யாவே’ போட்டால் பொருள் கெடும். தமிழரும் இந்த மூன்றையும் சாவி, கடவுச்சொல், விசை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் ஒன்றாக்கியதைத் தமிழும் ஸ்பானியமும் பிரிக்கும் இடங்களில், தமிழிலிருந்து நேராக ஸ்பானியத்துக்குப் போவதே எளிது.

அலமாரி: ஆயுதக் கிடங்கிலிருந்து அடுக்களைக்கு

அலமாரியின் மூலம் லத்தீன் ‘அர்மாரியும்’. ஆயுதத்தையும் கருவியையும் குறிக்கும் ‘அர்மா’விலிருந்து வந்தது, முதலில் அவை வைக்கும் இடம். போர்ச்சுகீசியத்திலும் ஸ்பானியத்திலும் ‘அர்மாரியோ’. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் வந்தால் ஒன்றை லகரமாக்கிக்கொள்வது பேச்சின் இயல்பு. இரண்டு மொழிகளிலும் ‘அல்மாரியோ’ என்ற பழைய வழக்கு இருந்தது. அந்த லகரமே தமிழ் அலமாரியில், ஈழத்து அலுமாரியில், இந்தி ‘அல்மாரி’யில் நிற்கிறது. ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்த பிறகு இதையே ‘அல்மைரா’ என்று தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆங்கில ‘கப்போர்டு’ வேறு கதை. ‘கப்’ என்றால் கோப்பை, ‘போர்டு’ என்றால் பலகை. கோப்பைகளை அடுக்கும் பலகைக்கு முதலில் அந்தப் பெயர். கதவும் பூட்டும் பிற்பாடு வந்தன. இதை ஸ்பானியத்தில் பெயர்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். துணி இருந்தால் ‘அர்மாரியோ’. தென் அமெரிக்க நாடுகள் சிலவற்றில் ‘ரொப்பேரோ’. மெக்சிகோவில் ஆங்கிலத்திலிருந்து வந்த ‘குளோசெத்’. சமையலறைச் சாமான் இருந்தால் ‘அலசேனா’.

இந்த ‘அலசேனா’ அரபுத் தடம் பதிந்த காயல்பட்டினத்துக்காரர்களுக்குக் காதில் பட வேண்டிய சொல். அரபு ஆட்சி ஸ்பெயினில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. அரபியில் ‘அல்’ என்ற முன்னொட்டோடு ‘கிசானா’ என்றால் பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம். அதுவே ஸ்பானிய அடுக்களையின் ‘அலசேனா’. அதே ‘கிசானா’ பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து கஜானா ஆயிற்று. அரசனின் பணப்பெட்டி இருக்கும் கஜானாவும், ஸ்பானிய வீட்டில் மிளகும் உப்பும் இருக்கும் அலமாரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மேற்கே போனது, மற்றது கிழக்கே வந்தது.

மேசையும் நாற்காலியும்

மேசையைப் பெயர்ப்பதற்கு உழைப்பே வேண்டாம். லத்தீன் ‘மென்சா’, போர்ச்சுகீசியத்திலும் ஸ்பானியத்திலும் ‘மேசா’, தமிழில் மேசை. ஈற்று ஆகாரம் ஐகாரமாவது தமிழின் வழக்கமான நடை. மாலா மாலை ஆவதுபோல. ஸ்பானிய மொழியை முதல் நாள் படிக்கும் தமிழருக்கு இந்தச் சொல் தன் வீட்டிலிருந்தே கிடைத்துவிடுகிறது. எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆங்கில ‘டேபிள்’ என்பது அட்டவணையையும் வாய்பாட்டையும் குறிக்கும்போது ஸ்பானியத்தில் ‘மேசா’ வராது, ‘தாப்ளா’ வரும்.

மேசையோடு வந்த இருக்கைக்குத் தமிழகமும் ஈழமும் வெவ்வேறு வழி தேர்ந்தன. தமிழகம் நான்கு காலை எண்ணி நாற்காலி என்றது. ஈழம் போர்ச்சுகீசிய ‘கதேய்ரா’வை எடுத்துக் கதிரை என்றது. பொருளைப் பார்த்துப் பெயரை உருவாக்குவதும், பெயரோடு பொருளை வாங்குவதும் இரண்டுமே மொழிக்குரிய நல்ல வழிகள்தான். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் ஒரே மொழி, ஒரே பொருளுக்கு ஒவ்வொரு வழியைக் கைக்கொண்டதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

கதிரையைக் கொண்டு ஸ்பானியத்துக்குப் போகிறவர் வழுக்கும் இடம் இது. ஸ்பானியத்தில் நாற்காலி ‘சியா’. ‘கதேரா’ என்ற சொல் அங்கேயும் உண்டு, கதிரையின் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் பொருள் இடுப்பெலும்புப் பகுதி. உட்காரும் பொருளிலிருந்து உட்காரும் உறுப்புக்குப் பெயர் நகர்ந்துவிட்டது.

கோப்பை, துவாலை, பேனா

சிறு சொற்களிலும் இந்த உறவு விரிகிறது. போர்ச்சுகீசியக் ‘கோப்போ’வின் வழி வந்தது கோப்பை. அதன் ஸ்பானிய உறவு ‘கோப்பா’. விளையாட்டுச் செய்தியில் தமிழ் நாளிதழ்கள் உலகக் கோப்பை என்று எழுதும்போது ஸ்பானிய நாளிதழ்கள் ‘கோப்பா முந்தியால்’ என்று எழுதுகின்றன. வீட்டில் மட்டும் வேறுபாடு உண்டு. காலுள்ள கண்ணாடிக் கிண்ணமே அவர்களுக்குக் ‘கோப்பா’. தேநீர்க் கோப்பை ‘தாசா’, தண்ணீர்த் தம்ளர் ‘வாசோ’.

துவாலை போர்ச்சுகீசியத்தில் ‘துவால்யா’, ஸ்பானியத்தில் ‘தோவாயா’. ஆங்கில ‘டவல்’ தனி வழியில் வந்தாலும் மூலம் ஒன்றே. ஆக ‘டவல்’, துவாலை, ‘தோவாயா’ மூன்றும் ஒரே துணியின் மூன்று மடிப்புகள். ஈழத்துச் சப்பாத்து ஸ்பானியத்தில் ‘சப்பாத்தோ’, பாண் ‘பான்’, குசினி ‘கோசினா’, உட்காரும் வாங்கு ‘பாங்கோ’. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவர் மத்ரித் நகரத்து அடுக்களையில் நின்றாலும் பாதிப் பொருள்களின் பெயரைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்வார்.

எல்லாமே இப்படிக் கைகொடுக்கும் என்று நம்பவும் கூடாது. பேனா போர்ச்சுகீசிய ‘பேனா’விலிருந்து வந்தது, இறகு என்பது அதன் பொருள், இறகால் எழுதிய காலத்தின் நினைவு. ஸ்பானியத்தில் ‘பேனா’ என்றால் துயரம். எழுதுகோலுக்கு அங்கே ‘புளூமா’ அல்லது ‘போலிகிராஃபோ’. வராந்தாவின் ஸ்பானிய உறவான ‘பரந்தா’ கைப்பிடிக் கிராதியைக் குறிக்குமே தவிர, வீட்டின் முன் திண்ணையைக் குறிக்காது. ஒலி ஒத்திருப்பது அறிமுகம் மட்டுமே. பொருளைச் சரிபார்த்த பிறகே சொல்லைக் கையாள வேண்டும்.

விரல் நீட்டிக் காட்ட முடியாத சொல்

வீட்டுச் சொற்கள் இவ்வளவு எளிதாகக் கைமாறியதற்குக் காரணம், அவை குறிக்கும் பொருளை விரல் நீட்டிக் காட்டலாம் என்பதே. காட்ட முடியாத சொல் வந்தபோது இதே கரையில் மொழிபெயர்ப்பு எவ்வளவு தடுமாறியது என்பதற்கும் பதிவு இருக்கிறது.

சவேரியார் தமிழ் அறியாதவராக வந்தார். தூத்துக்குடியில் இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாகக் கற்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். நம்பிக்கை அறிக்கையின் முதற்சொல்லான ‘நம்புகிறேன்’ என்பதற்கு அந்த மொழிபெயர்ப்பில் ‘வேணும்’ என்ற சொல் விழுந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய மக்கள், எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவறு தெரிந்ததும், வேணும் என்பதை நீக்கி விசுவசிக்கிறேன் என்ற பொருள் தரும் சொல்லை வைக்கும்படி சவேரியார் தம் உடனுழைப்பாளருக்குக் கடிதத்தில் எழுதினார். சாவியைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்கலாம். நம்பிக்கையை எந்தப் பலகையில் வைத்துக் காட்டுவது?

இந்த அனுபவத்துக்குப் பிறகே கரையில் மொழி வேலை பொறுப்பாகத் தொடங்கியது. 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபநூல் ஒன்று ரோமன் எழுத்தில், போர்ச்சுகீசியப் பொருளோடு அச்சாயிற்று. அதை ஆக்கியவர்கள் விசெந்தே த நசரே, ஜோர்ஜி கர்வால்யோ, தோமா த குரூஸ் என்ற ஞானப்பெயர்கள் கொண்ட மூன்று தமிழர்கள். 1547 முதல் இந்தக் கரையில் உழைத்த அன்றீக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, போர்ச்சுகீசியர் படிப்பதற்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். கையெழுத்தாகவே கிடந்த அந்த நூலை வி. எஸ். ராஜம், ஜீன் ஹைன் இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013-இல் வெளியிட்டார்கள். அன்றீக் பெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அவர் 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார்.

அதற்குப் பின் அந்தாம் த புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சாயிற்று. வத்திக்கான் நூலகத்திலிருந்த படியைத் தனிநாயகம் அடிகள் வெளிக்கொணர்ந்து, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். ஒரு வீட்டுச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடும் வேலை இந்தத் தமிழ் நிலத்தில் எவ்வளவு பழையது, எத்தனை கைகள் பட்டது என்பதற்கு இந்த நூல்கள் சான்று.

திரும்பிப் போன சொற்கள்

கொள்வினை இருந்த இடத்தில் கொடுப்பினையும் இருந்தது. மலையாளக் கரையில் வெற்றிலையைக் கண்ட போர்ச்சுகீசியர் அதைத் தம் நாவுக்கேற்ப ‘பெத்தெலெ’ என்றார்கள். அதுவே ஸ்பானியத்தில் ‘பேத்தெல்’. ஆறுமுகநேரிக்குப் பக்கத்து ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த இலையின் பெயர் ஐரோப்பிய அகராதிகளுக்குள் போய்ச் சேர்ந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. கட்டுமரமும் அப்படித்தான் போனது. ஸ்பானியத்தில் ‘கத்தமரான்’ என்றால் இன்று இரட்டை உடல் கொண்ட படகு. மரங்களைக் கயிற்றால் கட்டி மிதக்கவிட்ட நம் கலம் அங்கே வடிவம் மாறிவிட்டது, பெயர் மட்டும் ‘கட்டு’, ‘மரம்’ இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறது.

பெயர்ப்பவருக்கு வேண்டியவை

மேலே கண்டவற்றிலிருந்து சில முடிவுகள் தாமே வந்து நிற்கின்றன. வீட்டுச் சொல்லைப் பெயர்க்கும்போது முதலில் பொருளின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். கீல் வைத்த சன்னலுக்கும் காற்றுத் துளைக்கும் ஒரே பெயர் பொருந்தாது. அடுத்து, அது இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் ‘வெந்தானா’, வண்டியில் ‘வெந்தானியா’. மூன்றாவது, எந்த நாட்டுக்குப் போகிறது என்று தெரிய வேண்டும்; மத்ரித்தின் அலமாரிக்கு மெக்சிகோவில் வேறு பெயர். கடைசியாக, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஸ்பானியத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் தமிழருக்கு இல்லை. பல இடங்களில் வீட்டுத் தமிழே குறுக்குவழி.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் மேடைத் தமிழையும் எழுத்துத் தமிழையும் பெரிதும் மாற்றியது. அதன் பயனாகப் பழைய சொற்கள் பல மீண்டன. ஆனாலும் அடுக்களையிலும் படுக்கையறையிலும் சன்னலும் சாவியும் அலமாரியும் இடம் பெயரவில்லை. நானூறு ஆண்டுக்கு மேல் ஒரு வீட்டில் வாழ்ந்ததை விருந்தாளி என்று சொல்ல முடியாது. காலதர், பலகணி, திறவுகோல் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது கடமை. சன்னலையும் சாவியையும் தமிழ்ச் சொற்களாகவே மதிப்பதும் அதே அளவு கடமை. ஒன்றைக் காக்க மற்றதைத் தள்ள வேண்டியதில்லை.

இந்தக் கரையின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி நகரும் சன்னல்கள் வருகின்றன. மரச்சன்னலோடு கொண்டியும் போகிறது, கொண்டி என்ற சொல்லும் போகிறது. புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ காயல்பட்டினத்திலோ ஆறுமுகநேரியிலோ வீட்டில் பாட்டி, தாத்தா இருப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். கதவிலிருந்து அடுக்களை வரை ஒவ்வொரு பொருளையும் காட்டிப் பெயர் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அன்றீக் அடிகளார் இதே கரையில் செய்த வேலையும் அதுதான்.